ஓர் அப்டேட் செய்த வேலை: 1990, 2010, 2024

சென்ற தவணைப் பரீட்சை முடிந்து புள்ளிகள் ஏற்றிக்கொண்டிருந்த வாரம். எங்கள் பாடசாலை அலுவலகக் கணினி முதல்நாள் பின்னேரம் ஏதோ அப்டேட் எடுத்துக்கொண்டு நின்றது. காலையில் வந்து திறந்தால் நீலத் திரை. நிறுத்தித் திறந்தோம், திரும்பவும் நீலத் திரை. மூன்றாம் தடவை யாரோ பெட்டியில் ஒரு தட்டும் தட்டிப் பார்த்தார்கள். அதற்கும் நீலத் திரைதான். வைரஸ் பிடித்துவிட்டது என்றார் ஒருவர். கரண்ட் கூடிக் குறைந்ததால் என்றார் இன்னொருவர். பிள்ளைகள் பென்டிரைவ் போட்டிருப்பார்கள் என்று பழி வழமைபோல பிள்ளைகள் தலையிலும் விழுந்தது.

கணினி திருத்தும் தம்பி வந்து அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர், வைரஸ் எல்லாம் இல்ல. வைரஸ் கார்ட்தான் விழுந்திருக்கு. அப்டேட் எடுத்ததுக்குப் பிறகு அதுதான் சிஸ்டத்தத் திறக்க விடுதில்ல."

ஆசிரியர் அறையில் சிரிப்பு. "காவலாளி உள்ளுக்கு நிண்டு கதவப் பூட்டிட்டு திறப்பையும் விழுங்கிட்டான்" என்றார் ஒரு டீச்சர். சிரிப்பு அடங்கிய பிறகுதான் தரம் 10, தரம் 11 இரண்டினதும் புள்ளிகள் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருந்தது நினைவுக்கு வந்தது.

தப்பியது ஒரு பழைய பழக்கத்தால். எங்களில் மூத்த டீச்சர் ஒருவர் கணினியில் ஏற்றுவதற்கு முன் எல்லாப் புள்ளிகளையும் பச்சை மட்டைப் பதிவேட்டில் பேனையால் எழுதி வைப்பார். எத்தனையோ தடவை அவரைக் கேலி செய்திருக்கிறோம். அந்தப் பதிவேட்டிலிருந்து இரண்டு பின்னேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றினோம். இதில் வெட்கப்பட வேண்டிய விடயம் என்னவென்றால், அடுத்த தவணையிலிருந்து கைப் பதிவேடு தேவையில்லை என்று முடிவெடுப்பதற்கான கூட்டம் அதே வாரம்தான் இருந்தது. பெற்றோரில் சிலரும் "இந்தக் காலத்திலும் ஏன் கொப்பி?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், தேநீரோடு வாசியுங்கள்.

நடந்தது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. கணினியைப் பாதுகாக்கவோ சீராக்கவோ வந்த மென்பொருள் ஒன்று, அப்டேட் ஆன கையோடு கணினியையே விழுத்திய கதைக்கு முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

முதலில் 1990 ஜனவரி 15. திங்கட்கிழமை, அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை நாள். பிற்பகல் 2.25 அளவில் நியூயோர்க்கில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் தொலைதூரப் பரிவர்த்தனை நிலையம் ஒன்றில் ஒரு சிறிய கோளாறு. இப்படியானது அடிக்கடி நடப்பதுதான். அந்த நிலையம் தன் பக்கத்து நிலையங்களுக்கு "கொஞ்ச நேரம் எனக்கு அழைப்பு அனுப்பாதீர்கள்" என்று செய்தி அனுப்பிவிட்டு, சில விநாடிகளில் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு மீண்டும் வேலைக்கு வரும். நாடு முழுக்க இப்படி 114 நிலையங்கள். ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கும்படிதான் எல்லாம் அமைத்திருந்தார்கள்.

ஆனால் முந்தைய மாதம், 1989 டிசம்பரில், 114 நிலையங்களுக்கும் ஒரு புதிய மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தது. வேலையைத் துரிதப்படுத்துவதற்கான அப்டேட். முன்பெல்லாம் குணமாகி வந்த நிலையம் "வந்துவிட்டேன்" என்று தனியாக ஒரு செய்தி அனுப்பும். இனி அது தேவையில்லை, அழைப்பு வர ஆரம்பித்தாலே வந்துவிட்டது என்று பக்கத்து நிலையம் விளங்கிக்கொள்ளும். நல்ல யோசனைதான். சிக்கல் எங்கே வந்தது என்றால், பக்கத்து நிலையம் அதைக் குறித்துக்கொள்ளும் அந்தக் கணத்தில், விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள், இரண்டாவது அழைப்பும் வந்து சேர்ந்தால் உள்ளே தரவு குழம்பிவிடும். சி மொழியில் எழுதிய நிரலில் 'பிரேக்' என்ற ஒரு கட்டளை இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. அவ்வளவுதான் பிழை. தரம் 11 பிள்ளைகளின் நிரலில் நாம் சிவப்புப் பேனையால் சுழிப்பது போன்ற பிழை.

தரவு குழம்பியதும் அந்த நிலையம் தன்னைத் தானே சந்தேகப்பட்டு நின்று, சரியாகி, மீண்டும் வந்தது. வந்ததும் அதன் அழைப்புகள் தன் பக்கத்து நிலையங்களைத் தள்ளின. அவை எழுந்து வந்து இதைத் தள்ளின. ஒவ்வொன்றும் எழும்பும்போதே மற்றதை விழுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் துணைக்கு இன்னொரு செயலி இருந்தது. ஆனால் அதிலும் அதே மென்பொருள், ஆகவே அதுவும் அதே இடத்தில் அதே விதமாக விழுந்தது. ஒன்பது மணித்தியாலம். அந்த நிறுவனத்தின் வழியாகப் போன தொலைதூர அழைப்புகளில் ஏறக்குறைய பாதி போய்ச் சேரவில்லை. முதலில் ஹேக்கர்களைத்தான் சந்தேகித்தார்கள். பிறகு நிலையங்களுக்கிடையிலான செய்திச் சுமையைக் குறைத்து வலையமைப்பை நிமிர்த்தி, பழைய மென்பொருளுக்கே திரும்பிப் போனார்கள்.

துணைச் செயலி விழுந்த இடத்தைக் கவனியுங்கள். எங்கள் அலுவலகத்திலும் "பெக்அப் இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அது அதே கணினியின் 'டி' டிரைவில் இருந்தது.

இப்போது வைரஸ் கார்டின் பக்கம் வருவோம். சாதாரண ஒரு சின்ன மென்பொருளுக்கு முழுக் கணினியையும் விழுத்தும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? அந்தக் கதை லாகூரில் தொடங்குகிறது. 1986இல் பாசித், அம்ஜத் என்ற அல்வி சகோதரர்கள் இருவர், தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைக் களவாகப் பிரதி எடுப்பவர்களைப் பிடிப்பதற்காக என்று சொல்லி 'பிரெய்ன்' என்ற நிரலை எழுதினார்கள். அது ஃப்ளொப்பி டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் ஒளிந்துகொண்டு டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்குத் தாவியது. ஐபிஎம் வகைக் கணினிகளின் முதல் வைரஸ் என்று சொல்லப்படுவது அதுதான். வேடிக்கை, அதற்குள்ளே தங்கள் கடையின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். உலகத்தின் வேறு மூலைகளிலிருந்து கோபத்தோடு அழைப்பு வர ஆரம்பித்தபோது அவர்களே அதிர்ந்துபோனார்களாம். அடுத்த வருடமே அமெரிக்காவில் ஜோன் மெக்கஃபி என்பவர் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் கம்பனி ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

ஃப்ளொப்பி காலத்தில் வைரஸ் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக மாதங்கள் எடுத்தன. ஆகவே வைரஸ் கார்டும் ஆறுதலாக அப்டேட் ஆனால் போதும். இணையம் வந்த பிறகு அந்த ஆறுதல் போய்விட்டது. 2003 ஜனவரி 25 அன்று 'ஸ்லாமர்' என்ற புழு வெறும் 376 பைட் அளவோடு கிளம்பியது. இந்தப் பந்தியின் தமிழ் எழுத்துகளைச் சேமிப்பதற்கே அதைவிடக் கூடுதலான இடம் தேவை. தாக்கக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடத்துக்குள் பிடித்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் ஆறு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். 2017 மே மாதம் 'வன்னாக்ரை' வந்து பிரித்தானிய வைத்தியசாலைகளை முடக்கியபோதும் அதே கதை. ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், எங்கள் கணினி விழுந்த அன்று "இனிமேல் அப்டேட்டையே நிற்பாட்டி வைப்போம்" என்று ஒரு யோசனையும் வந்தது. அதற்கு நாங்கள் உடன்படவில்லை, இப்போதும் உடன்பாடில்லை. வைரஸ் நிமிடக் கணக்கில் ஓடும்போது காவலாளிக்கும் நிமிடக் கணக்கில் செய்தி போய்ச் சேரத்தான் வேண்டும். ஆனால் நிமிடக் கணக்கில் போகும் செய்தியைச் சோதித்துப் பார்க்க நேரம் இல்லாமல் போகிறது. மிச்சக் கதை முழுக்க இந்த இடைஞ்சலுக்குள்தான் இருக்கிறது.

2010 ஏப்ரல் 21. எங்களில் பலர் அப்போது ஆசிரியர் கலாசாலையில். கணினிப் பாடத்தில் "வைரஸ் கார்டை நாளாந்தம் அப்டேட் செய்யுங்கள்" என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம். அன்று மெக்கஃபி நிறுவனம் அனுப்பிய நாளாந்தக் கோப்பு, 5958 என்ற இலக்கம், விண்டோஸ் எக்ஸ்பி சேர்விஸ் பெக் 3 கணினிகளில் 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற கோப்பை வைரஸ் என்று அடையாளம் கண்டது. அது வைரஸ் அல்ல. விண்டோஸின் எத்தனையோ சேவைகளைச் சுமந்து நிற்கும் கோப்பு. வைரஸ் கார்ட் தன் கடமையைச் சரியாகச் செய்து அதைப் பிடித்து அடைத்து வைத்தது. அதோடு வலையமைப்பு போனது, கணினிகள் நின்று எழும்பி நின்று எழும்பிச் சுழன்றன. அமெரிக்காவில் வைத்தியசாலைகளும் பல்கலைக்கழகங்களும் பொலிஸும் மாட்டின, அவுஸ்திரேலியாவில் சுப்பர் மார்க்கெட் கிளைகள் காசாளர் இயந்திரம் இல்லாமல் கதவைச் சாத்தின. அதே வருடம் ஓகஸ்ட்டில் மெக்கஃபியை வாங்கப்போவதாக அறிவித்த இன்டெல் நிறுவனமே அன்று பாதிக்கப்பட்டவர்களில் ஒன்று.

அந்த நேரம் மெக்கஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவர் ஜோர்ஜ் கர்ட்ஸ். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2011இல் அவர் வேறு இருவரோடு சேர்ந்து ஒரு புதிய கம்பனி தொடங்கினார். அதன் பெயர் கிரவுட்ஸ்ட்ரைக்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. எங்கள் நேரம் காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் தன் 'ஃபல்கன்' மென்பொருளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. இலக்கம் 291. பிழை தெரிந்து அதை மீளப் பெற்றது 10.57க்கு, நம்மவர்கள் ஜும்ஆவுக்கு ஆயத்தமாகும் நேரத்துக்குக் கொஞ்சம் முன். இடையில் 78 நிமிடம். அந்த 78 நிமிடத்துக்குள் கோப்பை இறக்கிக்கொண்ட விண்டோஸ் கணினிகள் விழுந்தன. மைக்ரோசொப்ட் கொடுத்த கணக்கு 85 இலட்சம் கணினிகள். உலகத்திலுள்ள விண்டோஸ் கணினிகளில் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த ஒன்றுக்குக் குறைந்த பங்கு இருந்தது விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் தொலைக்காட்சி நிலையங்களிலும். எங்கள் வீட்டு மடிக்கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் ஃபல்கன் பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்குவது. அதிகமாகப் பாதுகாப்புக்குச் செலவழித்தவர்கள்தான் அன்று விழுந்தார்கள்.

பிழை என்ன என்பதை எங்கள் பாஷையில் சொல்கிறோம். ஒரு படிவத்தில் 21 கட்டங்கள் என்று வரையறுத்திருக்கிறார்கள். ஆனால் கணினிக்குள் இருக்கும் மென்பொருள் கொடுப்பது 20 தகவல்கள்தான். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அனுப்பிய கோப்புகளில் 21ஆம் கட்டத்துக்கு நேரே "எதுவானாலும் சரி" என்றிருந்ததால் யாரும் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை, எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஜூலை 19 கோப்புதான் முதல் தடவையாக 21ஆவதைப் பார் என்றது. மென்பொருள் இல்லாத இடத்தில் போய் வாசிக்க முயன்று விழுந்தது. கோப்பை அனுப்பும் முன் பரிசோதிப்பதற்கென்றே அவர்களிடம் இன்னொரு மென்பொருள் இருந்தது. அதிலும் ஒரு பிழை, ஆகவே அது "சரி" போட்டு அனுப்பிவிட்டது. புள்ளிப் பட்டியலைச் சரிபார்க்கும் இரண்டாவது ஆசிரியர், முதலாமவர் மேல் உள்ள நம்பிக்கையில் கையெழுத்து வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நாங்களும் வைத்திருக்கிறோம்.

ஒரு மென்பொருள் விழுந்தால் ஏன் முழுக் கணினியும் விழ வேண்டும்? சாதாரண மென்பொருள் என்றால் விழாது. ஒரு வகுப்பில் மின்குமிழ் எரிந்து போனால் அந்த வகுப்பு மட்டும்தான் இருட்டு. பிரதான மின் பலகைக்குள் கை வைத்தவர் பிழைவிட்டால் முழுப் பாடசாலையும் இருட்டு. விண்டோஸின் நடு மையத்தை 'கேர்னல்' என்பார்கள். அதுதான் அந்த மின் பலகை. வைரஸ்கள் அங்கேதான் ஒளிய முயலும் என்பதால் வைரஸ் கார்ட்களும் அங்கேயே உட்கார இடம் கேட்டன. 2006 அளவில் விண்டோஸ் விஸ்டா வந்தபோது மைக்ரோசொப்ட் அந்த இடத்தை அடைக்கப் பார்த்தது. மெக்கஃபியும் சிமன்டெக்கும் பகிரங்கமாகச் சண்டை பிடித்தன. பிறகு 2009இல் ஐரோப்பிய ஆணைக்குழுவுக்குக் கொடுத்த உறுதிமொழியின்படி, தனக்குள்ள அதே வசதிகளை மற்றக் கம்பனிகளுக்கும் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2024இல் இதை மைக்ரோசொப்ட் காரணமாகக் காட்டியது. அது முழு நியாயம் என்று எங்களுக்குப் படவில்லை. உள்ளே விடுவது ஒரு விடயம், உள்ளே வந்தவர் தடுக்கி விழுந்தால் வீடு இடியாமல் பார்ப்பது இன்னொரு விடயம்.

கேர்னலுக்குள் பிழை வந்தால் தரவுகள் மேலும் கெட்டுப்போகாமல் இருக்க விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். நீலத் திரை என்பது அந்த நிறுத்தம். அத்தோடு ஃபல்கன் கணினி திறக்கும்போதே முதல் ஆளாக எழும்பும்படி அமைந்தது. ஆகவே திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது எழும்பும், கெட்ட கோப்பை வாசிக்கும், விழும். எங்கள் அலுவலகத்தில் அன்று கண்ட சுழற்சி அதே வகை.

நிவாரணம் மிக எளிது. சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழித்து, மீண்டும் திறந்தால் சரி. ஆனால் இணையத்தால் செய்ய முடியாது, ஏனென்றால் கணினி இணையத்துக்கு வரும் அளவுக்கு எழும்பவே இல்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு மனிதன் நடந்து போக வேண்டும். டிஸ்க்குக்குப் பூட்டு போட்டிருந்த நிறுவனங்களில் 48 இலக்கத் திறப்புக் குறியீட்டையும் கையால் அடிக்க வேண்டும். சில இடங்களில் அந்தக் குறியீடுகளைச் சேமித்து வைத்திருந்த கணினியும் விழுந்து கிடந்தது. டெல்டா விமான நிறுவனம் ஐந்து நாட்களில் ஏறக்குறைய 7,000 பயணங்களை இரத்துச் செய்து, 50 கோடி டொலர் நட்டம் என்று வழக்குப் போட்டது. இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பெல்ஃபாஸ்ட் விமான நிலையத்தில் வெள்ளைப் பலகையில் மார்க்கரால் விமான நேரங்களை எழுதினார்கள். அந்தப் படங்களை நாமும் அன்று சிரித்துச் சிரித்துப் பகிர்ந்தோம்.

அன்று நம்மூர்க் குழுக்களில் சுற்றிய ஒரு கதையையும் திருத்தி விடுகிறோம். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் முப்பது வருடப் பழைய விண்டோஸ் 3.1 பாவித்ததால் தப்பியது என்ற கதை. அதற்கு ஆதாரம் இல்லை. யாரோ பகிடிக்குப் போட்டது உலகம் சுற்றியது. அவர்கள் தப்பியது கிரவுட்ஸ்ட்ரைக் கோப்பு அவர்களிடம் போகாததால்.

பிறகு வெளிவந்த விளக்கங்களில் எங்களை யோசிக்க வைத்தது ஒன்று. ஃபல்கன் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால், "ஒரு பதிப்பு பிந்திப் போட்டுக்கொள்கிறேன்" என்று வாடிக்கையாளர் தெரிவு செய்ய வழி இருந்தது. கவனமான நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருந்தன. ஆனால் 291 போன்ற சிறு கோப்புகள் பதிப்பு என்ற கணக்கில் வரவில்லை, அவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயின. பிந்திப் போடுகிறேன் என்று கவனமாக இருந்தவரும் முந்திக்கொண்டவரும் ஒன்றாகவே விழுந்தார்கள். முதலில் சில ஆயிரம் கணினிகளுக்கு அனுப்பி, ஒரு மணித்தியாலம் பார்த்து, பிறகு மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தால் சேதம் மிகச் சிறிதாக இருந்திருக்கும். சம்பவத்துக்குப் பிறகுதான் அந்தப் படிமுறைக்கு வந்தார்கள். செப்டெம்பரில் அந்த நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸ் உபகுழு முன் வந்து மன்னிப்புக் கேட்டார். அதற்கு முந்தைய மாதம் லாஸ் வேகாஸில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் "மகா தோல்வி" என்று கேலிக்குக் கொடுக்கும் விருதை அதன் தலைவர் மேடையேறிப் பெற்றுக்கொண்டார். அது எங்களுக்குப் பிடித்திருந்தது. பிழையை மேடையில் நின்று வாங்கிக்கொள்வது எல்லோராலும் முடிகிற காரியமல்ல.

சரி, எங்கள் அலுவலகத்துக்கு வருவோம். திருத்தும் தம்பி சேஃப் மோடில் திறந்து வைரஸ் கார்டைக் கழற்றி மீண்டும் போட்டுத் தந்தார். புள்ளிக் கோப்பு திரும்பி வந்தது, ஆனால் கடைசி நான்கு நாட்களில் ஏற்றியது பாதிக்கு மேல் கெட்டிருந்தது. பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது வேறொன்றும் தெரிய வந்தது. கணினி விழுவதற்கு முன்பே தரம் 10இல் இரண்டு பிள்ளைகளின் கணிதப் புள்ளிகள் இடம் மாறி ஏறியிருந்தன. 68 எடுத்த பிள்ளைக்கு 36. அந்தப் பிள்ளையின் வாப்பா இந்தப் பதிவை வாசிப்பார் என்று நினைக்கிறோம். வீட்டில் ஏசியிருந்தால் அதற்கு நாங்கள்தான் பொறுப்பு, வந்து கதைக்கிறோம்.

பதிவேட்டை நிறுத்தும் யோசனை கைவிடப்பட்டது. கணினி ஏற்றம் வழமைபோல நடக்கும், அப்டேட்டும் நடக்கும், ஆனால் பரீட்சை வாரத்தில் அல்ல. வாரக் கடைசியில் ஒரு பிரதி பென்டிரைவில் எடுத்து அதிபரின் அலுமாரிக்குப் போகும். பச்சை மட்டைப் பதிவேடு ஒரு டீச்சரின் சொந்தப் பழக்கமாக இல்லாமல் பாடசாலையின் வேலையாகவே இருக்கும். அந்த டீச்சர் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம்தான். அவருக்குப் பிறகு பேனையை யார் எடுப்பது என்பது அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தின் முதல் விடயம். பெற்றோர் பிரதிநிதிகளும் வர வேண்டும், பின்னேரம் 2.30க்கு.